இந்தக் குரோமுக்கு எந்த ஊர்?

என் அப்பா தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டிடம் டாலி கிளார்க்காக இருந்தார். தோணியிலிருந்து இறங்கும் மூட்டைகளை ஐந்தைந்தாகக் கோடு போட்டு எண்ணுகிற வேலை. மூட்டையும் சீட்டும் ஒத்துப்போனால் கையெழுத்து, இல்லாவிட்டால் தோணிக்காரனோடு சண்டை. நானும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் நியூயார்க்கில் பார்த்தேன். ஒரே வித்தியாசம், எனக்கு மூட்டையைக் கண்ணில் காட்ட மாட்டார்கள்.

1969 தொடக்கத்தில் ஐ.நா. செயலகத்தில் புள்ளிவிவர வேலையில் இருந்த என்னை எடுத்து, ரொடீசியா தடைக் கமிட்டிக்கு எடுபிடி வேலை செய்யும் சிறு குழுவில் போட்டார்கள். ரொடீசியா என்றால் இன்றைய ஜிம்பாப்வே. அங்கே சுமார் இரண்டேகால் லட்சம் வெள்ளையர்கள், 40 லட்சத்துக்கு மேற்பட்ட கறுப்பின மக்களுக்கு ஆட்சியில் பங்கு கொடுக்க மனமில்லாமல், 1965 நவம்பர் 11 அன்று பிரிட்டனிடமிருந்து தாங்களாகவே விடுதலை அறிவித்துக்கொண்டார்கள். தலைவர் இயான் ஸ்மித். உலகத்தில் ஒரு நாடுகூட அதை முறைப்படி அங்கீகரிக்கவில்லை. தோள் கொடுத்த தென்னாப்பிரிக்காவும் போர்ச்சுகலும்கூட அந்தக் கடைசிப் படியை மட்டும் ஏறவில்லை. 1966 டிசம்பரில் ஐ.நா. வரலாற்றில் முதன்முறையாகக் கட்டாயப் பொருளாதாரத் தடை வந்தது. குறிப்பிட்ட சில பொருள்களுக்கு. 1968 மே 29இல் 253ஆம் எண் தீர்மானம் அதை முழு வணிகத் தடையாக்கியது. அந்தத் தீர்மானம் பெற்ற பிள்ளைதான் எங்கள் கமிட்டி.

பிரிட்டிஷ் பிரதமர் ஹெரால்டு வில்சன் 1966 ஜனவரியில், மாதக்கணக்கு ஆகாது, வாரக்கணக்கில் முடிந்துவிடும் என்ற தோரணையில் பேசியிருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது மூன்று வருடம் ஆகியிருந்தது. முடிய இன்னும் பத்து வருடம் இருந்தது.

முதல் வாரமே எனக்கு ஒரு குட்டு விழுந்தது. ஒரு குறிப்பில் 'ரொடீசிய அரசு' என்று டைப் அடித்துவிட்டேன். சிவப்புப் பென்சில் சுழித்துத் திரும்பி வந்தது. அந்த நாட்டை 'தெற்கு ரொடீசியா' என்றுதான் எழுத வேண்டும், அது பிரிட்டனின் காலனி. அங்கே இருப்பது அரசு இல்லை, 'சட்டவிரோத ஆட்சி'. அங்கே ஒரு கடிதம் எழுதிக் கேட்கவும் முடியாது. இல்லாத ஆளுக்கு எப்படிக் கடிதம் போடுவது? அவர்கள் வெளியிட்ட சுதந்திரத் தபால்தலையை பிரிட்டன் செல்லாது என்றது. அவர்களுக்காக ஜெர்மனியில் அச்சான கரன்சி நோட்டை ஃப்ராங்ஃபர்ட் நீதிமன்றம் வரைக்கும் போய் நிறுத்தியது. இதெல்லாம் எனக்கு அப்போது வேடிக்கையாக இருந்தது. பிறகுதான் விளங்கியது, எங்கள் பிழைப்பே இதில்தான் இருக்கிறது என்று. அந்த ஆட்சியின் முத்திரை எங்கும் செல்லாது. எனவே அங்கிருந்து புறப்படும் ஒவ்வொரு மூட்டையும் வழியில் யாரிடமாவது ஒரு முத்திரையை இரவல் வாங்கியாக வேண்டும். இரவல் முத்திரையைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை.

எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். கணக்குப் பிரிவில் பழம் தின்று கொட்டை போட்டவர். நான் அவரை 'அண்ணாச்சி' என்பேன். "எங்கடை பக்கம் அண்ணை எண்டுதான் சொல்லுறது, நீர் என்னைக் கடைக்காரனாக்கிப் போட்டீர்" என்று சிரிப்பார். மேஜையில் ஒரு டப்பா நிறைய பென்சில், எல்லாம் ஊசி மாதிரி சீவியிருக்கும்.

என் கைக்கு வந்த முதல் பைலில் விஷயம் இவ்வளவுதான். லோரென்சோ மார்க்கேஸ் துறைமுகத்திலிருந்து (இன்றைய மபூட்டோ) ஒரு கப்பல் குரோம் தாது ஏற்றிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போகிறது, தாது ரொடீசியாவினுடையதாக இருக்கலாம் என்று பிரிட்டன் எழுதியிருந்தது. எங்கள் வழக்குகளில் பெரும்பாலானவை இப்படி பிரிட்டிஷ் குறிப்பிலிருந்து பிறந்தவைதான். அவர்களுக்குத் தகவல் எப்படிக் கிடைத்தது என்று யாரும் கேட்பதில்லை. பொதுச்செயலாளர் பேரில், சரக்கு போய்ச் சேரும் நாட்டுக்கும் கப்பல் எந்தக் கொடியில் ஓடுகிறதோ அந்த நாட்டுக்கும் கடிதம் போகும். மாதக்கணக்கில் காத்திருந்தால் பதில் வரும். வந்தது. கூடவே மூன்று நகல்கள்: கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான பில் ஆஃப் லேடிங், ஒரு வணிகர் சங்கம் கொடுத்த பிறப்பிடச் சான்றிதழ், தாதுவைச் சோதித்த லேபரட்டரியின் தாள். சான்றிதழில் 'தென்னாப்பிரிக்கா' என்று அழகாக முத்திரை. எனக்குத் திருப்தி. 'ஆவணங்கள் சரி' என்று எழுதி அண்ணாச்சியிடம் நீட்டினேன்.

அவர் சான்றிதழைத் தொடவேயில்லை. லேபரட்டரித் தாளை மட்டும் இழுத்துக்கொண்டார்.

"தம்பி, நீர் முத்திரையைப் பாத்துக்கொண்டிருக்கிறீர். முத்திரை ஆரும் குத்தலாம். இந்தக் குரோமுக்கு எந்த ஊர் எண்டு குரோமிட்டையே கேளும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தாளில் குரோமிக் ஆக்சைடு 49 சதவீதம், இரும்பு ஆக்சைடு 14.5 சதவீதம் என்று இருந்தது. பென்சிலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார வைத்தார். குரோமிக் ஆக்சைடை 0.684 ஆல் பெருக்கினால் அதில் உள்ள குரோமியம்: 33.5. இரும்பு ஆக்சைடை 0.777 ஆல் பெருக்கினால் இரும்பு: 11.3. ஒன்றை ஒன்றால் வகுத்தால் மூன்றுக்கு ஒரு முடி குறைவு. தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் தாதுவில் இரும்பு அதிகம். அங்கே இந்த விகிதம் ஒன்றரைக்குப் பக்கத்தில்தான் நிற்கும். இரண்டரை, மூன்று என்று வருவது ரொடீசியாவில் செலுக்வே, கிரேட் டைக் பக்கத்து மண். டிரான்ஸ்வால் தாது கையில் எடுத்தால் உதிரும், இது கெட்டியான கட்டி. தாளிலேயே 'கட்டித் தாது' என்றும் எழுதியிருந்தது. துருக்கியிலும் சோவியத்திலும்கூட நல்ல விகிதத்தில் கிடைக்கும்தான். துருக்கிக் குரோம் எதற்காக ஆப்பிரிக்காவின் தென்கோடிக்கு வந்து கப்பல் ஏறப்போகிறது?

"இன்னொண்டும் பாரும்" என்றார். பில் ஆஃப் லேடிங்கில் இருந்த எடையும் லேபரட்டரித் தாளில் இருந்த எடையும் கிலோ பிசகாமல் ஒன்றாக இருந்தன. எடை ஒத்துப்போனால் நல்லதுதானே என்றேன், அப்பாவின் பிள்ளையாக. இல்லையாம். கப்பலில் ஏற்றும்போது தாது ஈரத்தோடு நிறுக்கப்படும். பணம் கொடுப்பது உலர்ந்த எடைக்கு. ஒன்றிரண்டு சதவீதமாவது வித்தியாசம் வந்தே தீரும். இரண்டும் ஒரே எண் என்றால் யாரோ தராசுப் பக்கமே போகாமல், ஒரு தாளைப் பார்த்து இன்னொரு தாளை டைப் அடித்திருக்கிறான். தூத்துக்குடியில் ஒத்துப்போகாததுதான் குற்றம். இங்கே ஒத்துப்போவதும் குற்றம்!

இரண்டு நாள் தூக்கம் இல்லை. கொலைகாரனைப் பிடித்துவிட்ட சந்தோஷம். குறிப்பு தயாரித்தோம், கமிட்டி கூடியது. கமிட்டியில் உட்கார்ந்திருந்தவை பாதுகாப்பு சபையின் உறுப்பு நாடுகள். எல்லோரும் தலையாட்டினால்தான் எதுவும் நகரும். சந்தேகத்தை விளக்கி இரண்டாம் கடிதம் போனது. அதற்கும் பதில் வந்தது. சரக்கு ஏற்கெனவே இறக்கப்பட்டு, ஆலைக்குப் போய், உருக்கப்பட்டுவிட்டது, மேற்கொண்டு சோதிக்க வழியில்லை, வருந்துகிறோம். உருக்கிய குரோமிடம் ஊர் கேட்க முடியாது. பைல் மூடப்படவில்லை, ஆனால் திறக்கப்படவும் இல்லை. அப்படி ஒரு நிலை இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

பதில்களுக்கு ஒரு இலக்கணம் உண்டு. நாலைந்து வருடத்தில் உறையைப் பிரிக்குமுன்பே சொல்லிவிடுவேன். 'விசாரணை நடக்கிறது' என்றால் நடக்கவில்லை. 'ஆவணங்களில் குறை காணப்படவில்லை' என்றால் ஆவணங்களைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. 'எங்கள் சட்டப்படி போதிய ஆதாரமில்லை' என்றால் உண்மை தெரியும், கம்பெனி பெரியது. பதிலே வராவிட்டால் நினைவூட்டல், அப்புறம் இன்னொரு நினைவூட்டல். சுவிட்சர்லாந்து அப்போது ஐ.நா. உறுப்பினரே இல்லை. 'எங்களைத் தீர்மானம் கட்டுப்படுத்தாது, ஆனாலும் வணிகத்தைப் பழைய அளவுக்கு மேல் போகவிட மாட்டோம்' என்று அவர்கள் எழுதியதைப் படித்தபோது, இந்த மாதிரி பொய் சொல்லாமல் மறுப்பவர்கள் நாலு பேர் இருந்தால் தேவலை என்றுகூடத் தோன்றியது.

எல்லோரையும் குறை சொல்லிவிடக் கூடாது. சில நாடுகளின் கஸ்டம்ஸ்காரர்கள் உண்மையிலேயே உழைத்தார்கள். அவர்களுக்கு எதைக் கேட்பது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். அதற்காகத்தான் 1969 செப்டம்பரில் எல்லா அரசுகளுக்கும் ஒரு நீண்ட குறிப்பு அனுப்பினோம். அதன் சாரம்: தென்னாப்பிரிக்கா, மொசாம்பிக், அங்கோலாவிலிருந்து வரும் சரக்குக்குப் பில் ஆஃப் லேடிங்கையும் வணிகர் சங்கச் சான்றிதழையும் மட்டும் நம்பாதீர்கள், ரயில் ரசீதைக் கேளுங்கள். கடல் காகிதம் துறைமுகத்தில் பிறக்கிறது. அதற்கு முன்னால் சரக்கு எங்கே இருந்தது என்று அதற்குத் தெரியாது. ரயில் காகிதம் சுரங்கத்துப் பக்கத்து ஸ்டேஷனில் பிறக்கிறது. வேகன் எண், புறப்பட்ட இடம், தேதி எல்லாம் அதில் இருக்கும். என் வேலைக்காலத்தில் நாங்கள் எழுதியதிலேயே உருப்படியானது அந்தக் குறிப்புதான் என்பேன். அதன்படி நடந்தவர்கள் குறைவு.

இதற்கு இணையாக இன்னொரு வேலையும் ஓடிக்கொண்டிருக்கும், அதுதான் எனக்குப் பிடித்தது. தடை வந்ததும் ரொடீசியா தன் வணிகக் கணக்கை மூடி வைத்துக்கொண்டது. சரி, விற்பவன் கணக்குக் காட்டாவிட்டால் வாங்கியவன் கணக்கைப் பார்ப்பது. மொசாம்பிக்கில் குரோம் சுரங்கம் கிடையாது. இருந்தும் சில நாடுகளின் சுங்கப் பதிவேட்டில் 'மொசாம்பிக் குரோம்' இறங்கிக்கொண்டிருக்கும். மொசாம்பிக்கில் விளையும் புகையிலை கொஞ்சம், உலகம் அங்கிருந்து வாங்கியதாகப் பதிவானது அதைவிடப் பல மடங்கு. பெரிய அகலத் தாள்களில் இரண்டு பத்தியாக எண்களை எழுதி, கூட்டும் மெஷினின் பிடியை இழுத்து இழுத்து வித்தியாசத்தை எடுப்போம். மாலையில் வலது தோள் வலிக்கும். எந்தக் கப்பல், எந்தக் கம்பெனி என்று அந்த வித்தியாசம் சொல்லாது. ஆனால் பொய் எவ்வளவு டன் என்று சொல்லிவிடும்.

பொதுமக்களும் தொண்டு அமைப்புகளும் அனுப்பிய தகவல்களுக்குத் தனி வரிசை எண் கொடுத்து வழக்குப் பதிவோம். அரசுகள் அனுப்பியதைவிட அவற்றில் உயிர் இருக்கும். ஒரு துறைமுகத் தொழிலாளி ஒரு சாக்குத் துணியின் துண்டை வெட்டி, மடித்து, தபாலில் அனுப்பியிருந்தார். வெளிப்புறத்தில் புதுச் சாக்கு, புது எழுத்து. கிழிந்த இடத்தில் உள்ளே பழைய உறை, அதில் ரொடீசியத் தலைநகர் சால்ஸ்பரியின் பெயர் பாதி. பைலைத் திறந்தால் புகையிலை வாசனை. இத்தனை வருடத்தில் நான் கையால் தொட்ட ரொடீசியச் சரக்கு அது ஒன்றுதான்.

எண்ணெய்க் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. நான் வருமுன்பே தொடங்கியது அது. மொசாம்பிக்கின் பெய்ரா துறைமுகத்திலிருந்து ரொடீசியாவில் உம்டாலிக்குப் பக்கத்தில் இருந்த சுத்திகரிப்பு ஆலைக்குக் குழாய் போயிற்று. அதை அடைத்துவிட்டால் ஸ்மித்தின் கார்கள் நின்றுவிடும் என்று கணக்கு. 1966 ஏப்ரலில் 'ஜோயன்னா V' என்ற டேங்கர் பெய்ராவுக்கு வந்துவிட்டது. ஏப்ரல் 9இல் பாதுகாப்பு சபை அவசரமாகக் கூடி, தேவைப்பட்டால் பலத்தைப் பயன்படுத்தலாம் என்று பிரிட்டனுக்கு அதிகாரம் கொடுத்தது. எண்ணெய் இறங்கவில்லை. 1966 மார்ச்சிலிருந்தே, 1975 ஜூனில் மொசாம்பிக் விடுதலை அடையும்வரை, ஒன்பது வருடம், பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் பெய்ராவுக்கு வெளியே கடலைக் காவல் காத்தன. குழாயில் ஒரு சொட்டு ஓடவில்லை. வெற்றிதான். ஆனால் ரொடீசியாவில் வண்டி நிற்கவில்லை.

அது எப்படி என்று கேட்க ஒரு வரைபடம் போதும். பெய்ராவுக்குத் தெற்கே லோரென்சோ மார்க்கேஸ். அங்கிருந்து ரொடீசியாவுக்கு நேரே ரயில். காவல் கப்பல் அந்தப் பக்கம் போவதற்கு எந்தத் தீர்மானமும் இல்லை. அதைத் தடுக்க வேண்டுமென்றால் தென்னாப்பிரிக்காவோடு மோத வேண்டும், அதற்கு லண்டனில் யாரும் தயாரில்லை. கொல்லைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் கூர்க்கா போட்ட கதை. நாங்கள் கீழ்மட்டத்தில் இதைக் காபிக் கடையில் பேசிக்கொள்வோம். காகிதத்தில் எழுத மாட்டோம்.

1978இல் தாமஸ் பிங்காம் என்ற வழக்கறிஞரின் விசாரணை அறிக்கை லண்டனில் வெளியானபோது ஒரே நாளில் அதை வாசித்து முடித்தேன். ஷெல், பி.பி. கம்பெனிகளின் தென்னாப்பிரிக்க அமைப்பு மூலமாக எண்ணெய் போயிருக்கிறது. 1968க்குப் பிறகு சில வருடம், ஒரு பிரெஞ்சு கம்பெனி ரொடீசியாவுக்குக் கொடுக்கும், அதற்கு ஈடாக அந்த பிரெஞ்சு கம்பெனிக்குத் தென்னாப்பிரிக்காவுக்குள் இவர்கள் கொடுப்பார்கள். அதாவது பிரிட்டிஷ் எண்ணெய் ரொடீசியாவுக்குப் போகவில்லை என்று லண்டனில் சொன்னால் அது சொல்லுக்குச் சொல் உண்மை! இந்த ஏற்பாடு அமைச்சர் மட்டத்தில் 1968லேயே தெரிந்திருக்கிறது. எங்களுக்குக் குறிப்புக்கு மேல் குறிப்பாக அடுத்தவன் கப்பலைக் காட்டிக்கொடுத்த அதே ஊரில். அண்ணாச்சி அறிக்கையைப் புரட்டிவிட்டு, "இவையள் எங்களுக்குத் தந்த குறிப்பெல்லாம் உண்மை தம்பி. தராத குறிப்புத்தான் பிரச்சினை" என்றார்.

எனக்கு அதைவிடக் கசந்தது 1972. நாங்கள் உட்கார்ந்திருந்த ஊரே நியூயார்க். வர்ஜீனியா செனட்டர் ஹாரி பேர்டு கொண்டுவந்த திருத்தம் ஒன்றை அமெரிக்க காங்கிரஸ் 1971இல் நிறைவேற்றியது. கம்யூனிஸ்ட் நாடுகளிலிருந்து வாங்க அனுமதி உள்ள ராணுவ முக்கியத்துவமுள்ள கனிமத்தை, மற்ற நாட்டிலிருந்து வாங்கக் கூடாது என்று தடுக்க முடியாது என்பது அதன் பொருள். ரொடீசியா என்ற பெயர் அதில் வரவேண்டிய அவசியமே இல்லை. 1972 மார்ச்சில் 'சாண்டோஸ் வேகா' என்ற கப்பல் லூசியானாவின் பர்ன்சைடு துறையில் ரொடீசியக் குரோமோடு வந்து நின்றது. கறுப்பின மாணவர்கள் துறைமுகத்தில் மறியல் செய்தார்கள். அமெரிக்கா எதையும் மறைக்கவில்லை. கப்பல் பெயர், சரக்கு, அளவு என்று பட்டியல் போட்டுக் கமிட்டிக்கே அனுப்பி வைத்தது. நான் வாசித்த காகிதங்களிலேயே பிழையில்லாத காகிதங்கள் அவைதான். ஈர எடை, உலர் எடைச் சிக்கலே இல்லை! ஒரு சின்ன நாட்டுக்கு 'உங்கள் துறைமுகத்தில் இறங்கிய சரக்கைப் பற்றி விளக்கவும்' என்று கடிதம் தயாரிக்கும்போது, அந்த நாட்டுத் தூதரக இளைஞன் ஒருவன் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, "அவர்களிடம் கேட்டுவிட்டீர்களா?" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தச் சட்டம் 1977 மார்ச்சில் ரத்தானது. மனசாட்சியும் ஒரு காரணம், கார்ட்டர் ஜனாதிபதியாக வந்ததும் ஒரு காரணம். ஆனால் தொழில் தெரிந்தவர்கள் இன்னொன்றைச் சொல்வார்கள். ஆர்கானும் ஆக்சிஜனும் ஊதிக் கார்பனைக் குறைக்கும் புதிய முறை எஃகு ஆலைகளுக்கு வந்துவிட்டது. அதற்கு உயர்தர ரொடீசியத் தாது தேவையில்லை, டிரான்ஸ்வாலின் இரும்பு கலந்த தாதுவிலிருந்து எடுத்த ஃபெரோகுரோமே போதும். ரொடீசியா இல்லாமல் முடியாது என்று அழுதுகொண்டிருந்த ஆலைகள் அடங்கிவிட்டன. அதே முறையால் எங்கள் விகிதக் கணக்கும் அடிபட்டது. யாரும் தாதுவாக அனுப்பாமல் ஃபெரோகுரோமாகவே அனுப்ப ஆரம்பித்தால் ஊர் கேட்பது கடினம். அமெரிக்கா கடைசியில் ஃபெரோகுரோமுக்கும் எஃகுக்கும்கூடச் சான்றிதழ் முறை கொண்டுவந்தது. இன்றைக்குத் தடை என்றால் அரசியல் மட்டும் பேசுகிறார்கள். ஒரு உலையில் எதை ஊதுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

மாட்டிறைச்சி விவகாரம் சிரிப்பு மூட்டுவது. 1970களின் நடுவில், காபோன் நாட்டுப் பதிவு எண்ணோடு ஒரு டி.சி.-8 சரக்கு விமானம் ஐரோப்பாவுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தது. காபோன் கிட்டத்தட்ட முழுக்க மழைக்காடு. மாடு ஏது? தன் சாப்பாட்டுக்கே இறைச்சியை வெளியிலிருந்து வாங்குகிற நாடு. விமானம் சால்ஸ்பரியிலிருந்து இறைச்சியோடு கிளம்பி, காபோனின் லிப்ரெவில்லில் இறங்கி, பேப்பரை மாற்றிக்கொண்டு வடக்கே போகும். திரும்பும்போது உதிரிப் பாகங்கள். கமிட்டியில் இது வந்தபோது எல்லோருக்கும் தர்மசங்கடம். மேடையில் ரொடீசியாவைத் திட்டுகிற ஆப்பிரிக்க நாடுகளில் ஒன்று இது. திட்டுவது ஒரு இலாகா, விமானம் ஒரு இலாகா.

தடையின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதை நான் பார்த்தது 1973இல், வேலையாக அண்டை நாடான ஜாம்பியாவின் லுசாகாவுக்குப் போனபோது. அந்த ஜனவரியில் ஸ்மித் ஜாம்பியாவோடு எல்லையை மூடியிருந்தார். ஜாம்பியாவின் செப்பில் ஒரு பெரும் பங்கு வெளியே போய்க்கொண்டிருந்தது ரொடீசியா வழியாகச் செல்லும் ரயிலில். அதன் சுரங்கங்களுக்கான மின்சாரத்தில் ஒரு பங்கு வருவது கரிபா அணையிலிருந்து, அணை பொது, ஆனால் மின்நிலையம் அப்போது ஆற்றின் தென்கரையில், ரொடீசியப் பக்கம். கொள்கைக்காக நிற்கும் நாட்டின் ஸ்விட்ச் எதிரி கையில்! தார் எஸ் சலாம் போகும் சாலையில் லாரிகள் கவிழ்ந்து கிடந்தன. லுசாகாவின் கெய்ரோ ரோட்டில் ஒரு குஜராத்திக் கடைக்காரர், அலமாரியில் சோப்பு இருந்த இடத்தைக் காட்டி, "பாய், உங்கள் தீர்மானம் இங்கே இருந்தது" என்றார். அதற்குப் பிறகு அறிக்கையில் 'அண்டை நாடுகளுக்கு ஏற்படும் சிரமங்கள்' என்று டைப் அடிக்கும்போதெல்லாம் அந்த வெற்று அலமாரிதான்.

இருபது வருடம் கழித்து, 1993இல், ருமேனியாவில் டான்யூப் கரையில் ஒரு நாள் நின்றேன். செர்பியாவுக்கு எதிரான தடை. பல நாட்டுக் கஸ்டம்ஸ் அதிகாரிகள் அண்டை நாட்டு எல்லைகளிலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள். படகுக்காரன் நீட்டிய காகிதம் பிரஸ்ஸல்ஸில் இருந்த மையத்துக்குப் போகும், அங்கிருந்து அதை வழங்கியதாகச் சொல்லப்பட்ட அலுவலகத்துக்குப் போகும், 'நாங்கள் கொடுக்கவில்லை' என்று பதில் திரும்பும். படகு அதுவரை நகராது. எங்களுக்கு மாதக்கணக்கில் ஆனது, கண்ணெதிரே முடிந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. 2000இல் ஃபௌலர் என்பவர் தலைமையிலான ஐ.நா. தடைக் கமிட்டிக்கு நிபுணர் குழு கொடுத்த அறிக்கை, அங்கோலாவின் யூனிடா இயக்கத்துக்கு உதவியதாகப் பதவியில் இருந்த இரண்டு ஆப்பிரிக்க ஜனாதிபதிகளின் பெயரை அப்படியே அச்சிட்டது. எங்கள் காலத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டின் பெயரை எழுதவே ஆறு கூட்டம் நடக்கும். இப்போது கப்பல் இருக்கும் இடம் திரையில் புள்ளியாகத் தெரிகிறதாம், கள்ளக் கப்பல் அந்தக் கருவியை அணைத்துவிட்டு ஓடுகிறதாம். என் பேரன் இதைக் காட்டினான். புள்ளி மறைந்த இடத்தைப் பார்த்ததும், 'விசாரணை நடக்கிறது' என்று எனக்குள் ஒரு குரல்.

மறுபடி எங்கள் கமிட்டிக்கு வருகிறேன். 1979 டிசம்பர் 21. லண்டனில் லங்காஸ்டர் மாளிகையில் ரொடீசியாவுக்குத் தீர்வு காணும் ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே பாதுகாப்பு சபை 460ஆம் எண் தீர்மானத்தால் தடையை நீக்கி, எங்கள் கமிட்டியையும் கலைத்தது. வேலை போகவில்லை, வேறு பிரிவுக்கு மாற்றம். பைல்களை அட்டைப் பெட்டிகளில் அடுக்கிச் சுவடி அறைக்கு அனுப்ப எங்களிடமே விட்டார்கள். அண்ணாச்சி அடுத்த வருடம் ஓய்வுபெற இருந்தார்.

பிப்ரவரியில் ஒரு உறை வந்தது. நாலு வருடத்துக்கு முன் நாங்கள் கேட்ட ஒரு குரோம் கேள்விக்கு ஒரு அரசு அனுப்பிய பதில். விசாரணை தொடர்கிறது, முடிவு கிடைத்ததும் கமிட்டிக்குத் தெரிவிக்கப்படும், இதுவரை கிடைத்த ஆவணங்கள் இணைப்பில். கமிட்டியே இல்லை. பெட்டிகளுக்கு டேப் ஒட்டியாகிவிட்டது.

"இதை எங்கே வைப்பது அண்ணாச்சி?"

அவர் பதிலைப் படிக்கவில்லை. இணைப்பைப் புரட்டி இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். டப்பாவில் மிச்சமிருந்த பென்சிலை எடுத்து, இரண்டு எண்களின் அடியிலும் ஒரு கோடு.

"ஈரமும் உலர்வும் ஒரே நிறை, தம்பி" என்றார். "திருப்பிக் கேளும்."